டெஸ்க்டாப்பில் அண்ணன்

எங்கள் கடைக் கணினியில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரு கிளிக்தான் தூரம். அப்படி ஆக்கி வைத்தது நான்தான்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வரிசையாக இருக்கிற ஃப்ளெக்ஸ் கடைகளில் ஒன்றில் பதினாறு வருடமாக டிசைன் செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பழைய டிசைனைத் தேடி எடுப்பதற்குள் வாசலில் நிற்கிற ஆள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். டி டிரைவைத் திறக்க வேண்டும், அதற்குள் ‘பழைய வேலை’, அதற்குள் வருடம், அதற்குள் மாதம், அதற்கும் உள்ளே ‘புதுசு’, ‘புதுசு ரெண்டு’, ‘கடைசி’, ‘நெஜமாவே கடைசி’ என்று எனக்கு முன்னால் இருந்த டிசைனர் வைத்துவிட்டுப் போன பெயர்கள். அந்த மனிதர் எங்கே போனார் என்று தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு மழை நாளில் ஆர்டர் இல்லை. எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்து, மனிதனுக்கு வருகிற வரிசையிலேயே ஐந்து ஃபோல்டர் போட்டேன். பிறந்தநாள், காதணி, மஞ்சள் நீராட்டு, திருமணம், அஞ்சலி. ஒவ்வொன்றின் மேலும் வலது பட்டனை அழுத்தி, ‘சென்ட் டு’வுக்குப் போய் ‘டெஸ்க்டாப்’ என்று கொடுத்தால் முகப்பில் ஒரு ஷார்ட்கட் வந்து உட்காரும். மூலையில் சின்னதாக, வளைந்த ஓர் அம்புக்குறி இருக்கும். ஐந்தையும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக அடுக்கினேன்.

முதலாளி வந்து பார்த்துவிட்டுப் பதறினார். இம்புட்டையும் வெளியே எடுத்து வைத்தால் சிஸ்டம் பாரம் தாங்குமா தாயி என்று கேட்டார். இது ஃபோல்டர் இல்லை, ஃபோல்டருக்குப் போகிற வழி மட்டும்தான், இதை அழித்தாலும் உள்ளே இருப்பது அழியாது என்று விளக்கினேன். அவர் பாதி நம்பினார். நம்பாத பாதிக்கு ஒரு சட்டம் போட்டார்: ஒரு ஆளின் படம் ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும், காப்பி எடுத்து ரெண்டு இடத்தில் வைக்கக் கூடாது, ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிடும். ஆகையால் கல்யாண ஃபோல்டரில் இருந்த மாப்பிள்ளை செத்துப்போனால் அவரை ‘கட்’ செய்து அஞ்சலியில் கொண்டுபோய் ‘பேஸ்ட்’ செய்வேன். அங்கிருந்து யாரையும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

ஷார்ட்கட்டின் சூது தெரியாமல் வருகிறவர்கள் நிறைய. வெளியூர் ஸ்டூடியோக்களில் வேலை பார்க்கிறவர்கள் டெஸ்க்டாப்பில் கண்ணில் பட்டதை அப்படியே பென்டிரைவில் இழுத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். இங்கே செருகிப் பார்த்தால் அம்புக்குறி மட்டும் இருக்கும், படம் இருக்காது. அவர்களை நான் சும்மா விட்டதில்லை. வீட்டைக் கொண்டுவரச் சொன்னால் விலாசத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாயே என்று எல்லோர் முன்னாலும் கேட்பேன். ரெட்டியார்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பையன் முகம் சிவந்து திரும்பிப் போனது இன்னமும் நினைவிருக்கிறது. அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

ஃப்ளெக்ஸில் மனிதர்களுக்கு இரண்டு இடங்கள்தான் உண்டு. நடுவில் விழாவுக்கு உரியவர்கள் இருப்பார்கள், அவர்களை விட்டுவிடலாம். மற்ற எல்லோரும் ஒன்று மேலே, இல்லையென்றால் கீழே. கீழே உயிரோடு இருக்கிறவர்கள் கைகூப்பி வரிசையாக நிற்பார்கள். சித்தப்பா, பெரியப்பா, மாமன், மச்சான் என்று ஒரு ஃப்ளெக்ஸில் முப்பது தலைகூட வெட்டி ஒட்டியிருக்கிறேன். மேலே சாமிக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருப்பவர்கள் இறந்தவர்கள். இந்து வீடென்றால் வட்டத்தைச் சுற்றி மாலையும் விளக்கும், எங்களைப்போல வேதக்காரர்கள் என்றால் சிலுவையும் மெழுகுவர்த்தியும். இந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத ஆள்கூட ஃப்ளெக்ஸைப் பார்த்து யார் இருக்கிறார், யார் இல்லை என்று சொல்லிவிடுவார்.

டெஸ்க்டாப்பில் ஆறாவதாக ஒரு ஷார்ட்கட் வந்தது. அதன் பெயர் ‘அண்ணன்’.

என் அண்ணன் ரெட்டியார்சத்திரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். மதினி நூல்மில்லுக்குப் போய்வந்தாள். ஒரே மகள், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கொரோனாவுக்கு முந்தைய வருடம் ஒரு சனிக்கிழமை, வத்தலக்குண்டு வரைக்கும் போயிட்டு வாரேன் என்று மதினியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். செல்போனைச் சார்ஜில் போட்டு வைத்துவிட்டுப் போனான். அதனால் சீக்கிரம் வந்துவிடுவான் என்று மதினி நினைத்தாள். வரவில்லை.

போலீஸில் கேட்டார்கள். சண்டையா? இல்லை. குடியா? இல்லை. வேறு பெண்ணோடு பழக்கமா? இல்லை. கடன் தொல்லையா? இல்லை. ‘இல்லை, இல்லை’ என்று சொல்லச் சொல்ல, எதையோ மறைக்கிறோம் என்று எழுதுகிறவர் நினைப்பது அவர் முகத்தில் தெரிந்தது. காரணம் இருந்திருந்தால் எங்களுக்கும் நல்லதாகத்தான் இருந்திருக்கும். இன்றுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இதை எழுதும்போதும் அவன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அவன்.

‘காணவில்லை’ நோட்டீஸை நான்தான் டிசைன் செய்தேன். செல்போன் படங்களில் எல்லாம் அவன் ஓரமாகப் பாதித் தலையோடு நிற்பான். நேராகப் பார்த்து நின்ற படம் ஒன்றே ஒன்று, அதுவும் ஐந்து வருடப் பழசு. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு நானே போட்ட ஃப்ளெக்ஸுக்காக மாதா கோயில் வாசலில் எடுத்தது. அதில் மதினி அவன் தோளில் கை வைத்திருப்பாள். நோட்டீஸுக்காக அந்தக் கையை அழிக்க வேண்டியிருந்தது. விரல் இருந்த இடத்தில் சட்டைத் துணியை எடுத்து ஒட்டி ஒட்டி, கை இருந்த சுவடே தெரியாமல் செய்தேன். அன்றைக்கு வேலை சுத்தமாக வந்தது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

அந்த நோட்டீஸ், படம், போலீஸ் கொடுத்த ரசீதின் ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, ‘மற்றவை’ என்று இருந்த ஃபோல்டருக்குள் வைத்தேன். ஐந்து வகையிலும் அவன் சேரவில்லை. அடிக்கடி எடுக்க வேண்டியிருந்ததால் ஷார்ட்கட் ஒன்றை டெஸ்க்டாப்பில் போட்டேன். முதல் வருடம் வாரத்துக்கு இரண்டு முறையாவது அதைத் திறந்திருப்பேன். மெஷின் ஓட்டுகிற அக்கா ஒருத்தி கடையில் உண்டு. நான் அதைத் திறந்தால் எதுவும் கேட்காமல் தாளைப் பார்த்து எடுத்து வைப்பாள்.

இரண்டாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மதினியிடமிருந்து போன் வந்தது. வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கிற ஒருவர் பழைய நோட்டீஸில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். இதே சாடையில் ஒரு ஆள், தாடியோடு, இரண்டு நாளாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், யாரோடும் பேசவில்லை என்றார். நானும் மதினியும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். கையில் ஒட்டுவதற்கு நோட்டீஸ் இல்லை, தீர்ந்து போயிருந்தது. கவலைப்படாதீர்கள் மதினி, எல்லாம் என் பென்டிரைவில் இருக்கிறது, அங்கேயே பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். எட்டு மாதமாக அந்தப் பென்டிரைவ் என் கைப்பையின் உள் ஜிப்பில்தான் இருந்தது. அவசரத்துக்கு வேண்டும் என்று ஒரு நாள் கடையில் வேலைக்கு நடுவே இழுத்துப் போட்டு வைத்தது.

பெஞ்ச் காலியாக இருந்தது. காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு எங்கேயோ போனார், கொடைக்கானல் பஸ் நிற்கிற பக்கம் போன மாதிரி இருந்தது என்றார் டீக்கடைக்காரர். நான் எதிரில் திறந்திருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். இருபது தாள் எடுத்து, கொடைக்கானல் போகிற ஒவ்வொரு பஸ் கண்டக்டரிடமும் ஒன்று கொடுத்துவிட்டால் போதும், மேலே எங்கே இறங்கினாலும் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கடைக்காரர் பென்டிரைவைச் செருகினார். ‘அண்ணன்’ என்று இருந்தது. மூலையில் அம்புக்குறியும் இருந்தது. அவர் அதை இரண்டு முறை கிளிக் செய்ததும், இது காட்டுகிற ஃபோல்டர் மாற்றப்பட்டிருக்கலாம் அல்லது நகர்த்தப்பட்டிருக்கலாம் என்று சொல்லி, இந்த ஷார்ட்கட்டை அழித்துவிடலாமா என்று கணினி கேட்டது.

“அக்கா, இது வெறும் ஷார்ட்கட்டு. உள்ள ஒண்ணும் இல்ல,” என்றார் அவர் என்னிடம். மெதுவாகத்தான் சொன்னார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அவ்வளவு மெதுவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் எங்கள் கடை பூட்டியிருந்தது. முதலாளி சாவியோடு பழனிப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. மதினியின் செல்போனில் இருந்த படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினோம். வெயிலில் திரை தெரியவில்லை. கண்டக்டர்கள் கையால் மறைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். தாளாக இருந்தால் கையில் வைத்துக்கொண்டிருப்பார்கள், திரும்பி வருகிற நடையில் ஒரு முகத்தைப் பார்த்தால் எடுத்து ஒப்பிட்டிருப்பார்கள். மறுநாள் ஐம்பது நோட்டீஸ் அடித்துக்கொண்டு போய்க் கொடைக்கானல் வரைக்கும் ஒட்டினோம். அந்த ஆளை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அது அவனாகவே இருந்திருக்காது என்று மதினி சொன்னாள். அன்றைக்கும் சொன்னாள், பிறகும் பல தடவை சொல்லியிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். எட்டு மாதம் என் பைக்குள் அண்ணனை வைத்திருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஊரில் ஒருத்தரையும் மன்னிக்காத தப்பை நானே செய்தேன். அதற்குப் பிறகு வெறும் அம்புக்குறியோடு வருகிற யாரையும் நான் எதுவும் சொல்வதில்லை.

வருடங்கள் போயின. என் அம்மா என்னோடு இருக்கிறாள். எந்தத் திருவிழா வந்தாலும் அம்மாவுக்கு அது கூட்டம்தான். கூட்டம் என்றால் அதில் அவன் இருப்பான். தை மாதம் எங்கள் ஊர் வழியாகப் பழனிக்கு நடக்கிற பாதயாத்திரைக்காரர்களுக்கு, கழுத்தில் ஜெபமாலையோடு ரோட்டோரத்தில் நின்று நோட்டீஸ் கொடுப்பாள். அவர்களும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு முன்னால், ஆகஸ்ட் பிறந்தால் போதும், என்னை நச்சரிக்கத் தொடங்கிவிடுவாள். வயதை மாற்றிவிட்டாயா என்று கேட்பாள்.

போகும்போது அவனுக்கு நாற்பத்தொன்று. நோட்டீஸில் ‘வயது 41’ என்று போட்டிருந்தேன். அடுத்த ஆகஸ்டில் நாற்பத்திரண்டு என்று மாற்றினேன், அதற்கடுத்து நாற்பத்து மூன்று. படம் அப்படியே இருக்க எண் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. நாற்பத்தேழு என்று தட்டியபோது இது யாருக்கும் உதவாது என்று தெரிந்தே தட்டினேன். அந்த முகத்தில் இருப்பவனுக்கு முப்பத்தாறுதான். அவன் உயிரோடு எதிரில் வந்தாலும் இந்தத் தாளை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

போன வருடக் கடைசியில் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தோம். பாலசமுத்திரத்துப் பையன், அவர்களும் வேதக்காரர்கள், விவசாயக் குடும்பம். பையனின் அம்மா நல்ல மனுஷி. தயங்கித் தயங்கித்தான் கேட்டார், “ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க, ஓலையில பொண்ணோட அப்பா பேரை எப்படிங்க போடறது?” ஓலை என்பது கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற அறிவிப்பு. இன்னாரின் மகன் இன்னாருக்கும், இன்னாரின் மகள் இன்னாருக்கும் என்று சாமியார் படிப்பார். அப்பா இறந்திருந்தால் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று ஒரு சொல் வரும். கடைசியில் சாமியாரே ஒரு வழி செய்தார், முன்னால் ஒன்றும் இல்லாமல் பெயரை மட்டும் படித்தார். மூன்று ஞாயிறும் அம்மா முதல் வரிசையில் போய் உட்கார்ந்து, அந்தச் சொல் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு வந்தாள்.

வாசிக்கும்போது ஒரு சொல்லை விட்டுவிடலாம். ஃப்ளெக்ஸில் அப்படி விடுவதற்கு இடமே கிடையாது. மண்டப வாசலுக்குப் பெரிதாக ஒன்று, வத்தலக்குண்டு ரோட்டில் ஒன்று என்று முதலாளி தன் செலவில் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டார். அம்மா ரோட்டில் வைக்கிற ஃப்ளெக்ஸைத்தான் பெரிதாகப் பிடித்துக்கொண்டாள். “கீழ் வரிசையில மொத ஆளா அவனைப் போடுத்தா. பஸ்ஸுல போறப்ப பாத்தாலும் பாத்துருவான். மக கல்யாணம்னு தெரிஞ்சா வந்துருவான்,” என்றாள். இத்தனை நாள் அடித்த நோட்டீஸை எல்லாம்விடப் பெரிய நோட்டீஸ் அவளுக்கு இதுதான்.

நான் அப்படியே செய்தேன். அவனைக் கீழ் வரிசையில் முதலில் நிறுத்தி, கைகூப்பிய உடம்பு ஒன்றை வேறு படத்திலிருந்து எடுத்து அவன் தலைக்குக் கீழே பொருத்தினேன். பார்த்துச் சரிசொல்ல மதினியைக் கடைக்கு வரச் சொன்னேன். மில் ஷிஃப்ட் முடிந்து, தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு நேராக வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளை, மாப்பிள்ளையைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. பிறகு திரையில் அண்ணன் முகத்துக்கு நேரே விரலை வைத்தாள்.

“அவரை மேல போட்ருத்தா.”

அம்மாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன்.

“கீழ போட்டா, வாரவுக எல்லாரும் எங்க அவரைக் காணோம்னு என்னையத்தான கேப்பாக. எம்புட்டுப் பேருக்கு நான் சொல்லுவேன்? மேல போட்டுட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாக. ஒரு நா, அந்த ஒரு நா மட்டும் யாரும் என்னைய ஒண்ணும் கேக்காம இருக்கட்டும்.”

அவன் செத்துவிட்டான் என்று அவள் நம்புகிறாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஏழு வருடம் பொட்டு வைக்கும்போதும் எடுக்கும்போதும் ஊர் அவள் நெற்றியைப் பார்த்தது எனக்குத் தெரியும். முகூர்த்தத்துக்குக் கூப்பிடலாமா வேண்டாமா என்று சொந்தக்காரர்கள் அவள் காதுபடப் பேசியதும் தெரியும். அம்மாவுக்கு மகன் வேண்டும். மதினிக்கு ஒரு பதில் வேண்டும், எந்தப் பதிலாக இருந்தாலும். இரண்டையும் கொடுக்க என்னிடம் இருந்தது ஒரு மவுஸ் மட்டும்தான்.

அவனைக் கீழ் வரிசையிலிருந்து எடுத்தேன். மேலே மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு, உள்ளே வைத்து, சிலுவையும் மெழுகுவர்த்தியும் சேர்த்தேன். பதினாறு வருடத்தில் எத்தனையோ பேரை ஏற்றிய வட்டம், கை தானாகச் செய்தது. கீழே அவன் விட்ட இடத்தில் மற்றவர்களைத் தள்ளி நிறுத்தி இடைவெளி தெரியாமல் செய்தேன். மதினி எழுந்து போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். பிறகு, கடைச் சட்டப்படி, ‘மற்றவை’யில் இருந்த அவன் ஃபோல்டரைக் கட் செய்து, அஞ்சலிக்குள் வேதக்காரர்களுக்கென்று இருந்த ‘சிலுவை’யில் பேஸ்ட் செய்தேன். மேல் வரிசைக்குப் போனவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை மட்டும் அழிக்கக் கை வரவில்லை.

கீழேதானே போட்டிருக்கிறாய் என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். ரோட்டோரத்து ஃப்ளெக்ஸை அவள் போய்ப் பார்க்கப் போவதில்லை என்று எண்ணிக்கொண்டேன். மண்டப வாசலை எப்படித் தாண்டப் போகிறாள் என்று யோசிக்காமல் இருந்தேன். நல்ல மறதிதான்.

கல்யாணத்தன்று காலை ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அம்மா நேரே ஃப்ளெக்ஸ் அருகே போனாள். ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறது, இன்னொன்றில் எடுக்கவில்லை. கிட்டப் போய், கீழ் வரிசையின் முதல் ஆளிலிருந்து ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தாள். மதினியின் தம்பி, பெரியப்பா மக்கள், மில் மேஸ்திரி, முதலாளி. வரிசையின் கடைசிவரைக்கும் போய்விட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வருகிறவர்கள் வணக்கம் சொன்னார்கள், அவள் திரும்பவில்லை. மூன்றாம் தடவை தொடங்கியபோது என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மா, மேலே பார் என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஏத்தா, அங்கிட்டு ஏன் ஏத்திவிட்ட? இதைப் பாத்தான்னா, நம்மளையே முடிச்சு வச்சுட்டாகன்னு நெனச்சு வராமலே போயிருவானே,” என்றாள்.

அழவில்லை. கல்யாணத்தில் அழக்கூடாது என்பதற்காக இருக்கலாம். பூசை முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்து பிரியாணியைக் கையால் கிளறிவிட்டு எழுந்துவிட்டாள். மதினி சொன்னது சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு ஒருத்தர்கூட அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்றாள், போட்டோவுக்குச் சிரித்தாள். இலையைப் பார்த்துப் பார்த்துத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கச் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ஏழு வருடம் இருக்கும். அம்மா என்னோடு இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை.

போன ஆகஸ்டில், சோறு போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள், வயதை மாற்றிவிட்டாயா என்று. இனி கேட்க மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்காமல் இருந்திருந்தாலும் எனக்கு வலித்திருக்கும். நாளைக்கு மாற்றுகிறேன் என்றேன்.

மறுநாள் கடைக்குப் போனதும் பழைய பழக்கத்தில் டெஸ்க்டாப்பில் ‘அண்ணன்’ மேல் இரண்டு முறை கிளிக் செய்துவிட்டேன். செய்த பிறகுதான் ஃபோல்டரை அங்கிருந்து நகர்த்திவிட்டேன் என்று நினைவு வந்தது. வத்தலக்குண்டில் வந்த அதே செய்தி வரும், அழித்துவிடலாமா என்று கேட்கும், இந்த முறை சரி என்று சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு ஃபோல்டர் திறந்துகொண்டது. மேலே பாதையைப் பார்த்தேன். டி டிரைவ், அஞ்சலி, சிலுவை, அண்ணன்.

மெஷின் ஓட்டுகிற அக்காவிடம் காட்டினேன். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஷார்ட்கட் தானாகத் தேடிக் கண்டுபிடித்துவிடும், உனக்குத் தெரியாதா என்றாள். பதினாறு வருடம் இதே வேலை பார்க்கிற எனக்குத் தெரியாது. எத்தனை ஊர், எத்தனை பஸ், எத்தனை தாள். அவன் எங்கே போனான் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. நான் அவனைக் கொண்டுபோய் வைத்த இடத்தை மட்டும் அந்த அம்புக்குறி ஒரு நொடியில் கண்டுபிடித்துக் காட்டிவிட்டது.

நோட்டீஸைத் திறந்தேன். நாற்பத்தேழை அழித்து நாற்பத்தெட்டு என்று தட்டினேன். அக்கா எதுவும் கேட்காமல் தாளை எடுத்து வைத்தாள். ஐம்பது அடித்தோம், அம்மா கட்டாகக் கட்டி வேளாங்கண்ணிக்குப் போகிற பஸ்ஸில் கொடுத்துவிட்டாள். எங்கள் கடையின் அஞ்சலி ஃபோல்டருக்குள் வருடத்துக்கு ஒரு வயது ஏறிக்கொண்டிருப்பது என் அண்ணனுக்கு மட்டும்தான்.